இறால் தொட்டியில் தொடங்கிய பயம்

மணவாளக்குறிச்சி பக்கம் இறால் உரிக்கும் கொட்டகையில், கணவர் மூலம் எச்.ஐ.வி. வந்த ஸ்டெல்லாவும் நானும் ஒரே தொட்டியில்தான் வேலை செய்வோம். ஒருநாள் இறால் கொம்பு குத்தி இருவர் விரலிலும் இரத்தம் வந்தது. அன்றே தொட்டி மாறினேன். மூன்று மாதமாகியும் பயம் போகாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. “வெரல்ல ரத்தம் வந்திருந்தாலும், தொட்டித் தண்ணியில கைய விட்டா இது பரவாதுக்கா” என்றார் ஆலோசகர். என் கணவர் மாதக்கணக்கில் வெளியூர்த் துறைமுகங்களில் தங்கி மீன்பிடிப்பவர் என்று தெரிந்ததும், “அவரு டெஸ்ட் எடுத்திருக்காரா?” என்று கேட்டார். அப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது ஸ்டெல்லாவின் தொட்டிக்கே திரும்பிவிட்டேன். கணவர் ஊருக்கு வந்ததும், டெஸ்ட் எடுக்கும்வரை ஆணுறை வேண்டும் என்றேன்.

“ஏட்டி, என்னைய சந்தேகப்படுதியா?”

“ஸ்டெல்லா அவ மாப்பிளைய சந்தேகப்படல்ல. அதான் கேக்கேன்.”