ரானுயியில் நான் கேட்காமல் விட்டது

போன வாரம், பிள்ளைத்தாய்ச்சியான மகளோடு ஹில்ஸ்பரோவில் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வரவேற்பில் ஒரு தொடுதிரையைக் கொடுத்தார்கள். மது அருந்துவீர்களா என்றது அது. மகள் ‘இல்லை’யைத் தட்டிவிட்டாள். எனக்கோ, பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ரானுயி கிளினிக்கின் பால்தேநீர் வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் சனத்துக்காக ஒரு பழைய மரவீட்டில் நடத்திய கிளினிக் அது. நான் அங்கே புது நர்ஸ். யார் வந்தாலும் முதலில் தேநீர், பிறகு உன் மலை எது, ஆறு எது, யாருடைய பிள்ளை என்ற கதை; அவர்களுக்கு அதுதான் அறிமுகம். பிரஷர் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். என்னிடமும் ஆற்றைக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தாள் ஆற்றுக்கு எங்கே போவாள்? எங்கள் வளவுக் கிணற்றைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹூயா என்றொரு மாவோரிப் பெண் கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் வந்தாள். படிவத்தில் மதுக் கேள்வி இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் கூசியது. எங்கள் ஊரில் கேட்டால் செருப்படிதான். நானே ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன், மரியாதை காத்த பெருமை வேறு.

அவள் மகளுக்கு ஏழு வயதானபோது, காலையில் படித்தது மத்தியானம் மறந்தது. சத்தம் கேட்டால் மேசைக்கடியில் ஒளிந்தாள். பள்ளிக்கூடம் அடங்காத பிள்ளை என்றது. கருவில் மது பட்டதால் வந்த மூளைப் பாதிப்போ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். அது உறுதியானால் வகுப்பில் துணைக்கு ஆள் கிடைக்கும், தண்டனை நிற்கும். ஆனால் தாய் குடித்ததற்குச் சான்று வேண்டும்; பழைய படிவத்திலோ ‘இல்லை’ இருந்தது, என் கையெழுத்தோடு.

ஹூயா என்னைத் தேடி வந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் தமிழில் இப்படித்தான் நினைவிருக்கிறது: “பிள்ளை எண்டு தெரியாமக் குடிச்சனான். தெரிஞ்ச பிறகும் குடியைத் தனிய விட ஏலாமக் கிடந்தது. நீ கேப்பாய் எண்டுதான் அண்டைக்கு வந்தனான்.”

அன்றைக்குக் கேட்டிருந்தால், குடியை நிறுத்த இன்னும் ஐந்து மாதம் இருந்திருக்கிறது.

கேட்காமலே குறித்தேன் என்று மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு உதவி கிடைத்தது. அதன்பிறகு எல்லாப் பெண்களையும் கேட்டேன், எங்கள் தமிழ்ப் பெண்களையும். சிலர் முறைத்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த மரவீட்டை இடித்து வரிசைவீடுகள் கட்டிவிட்டார்கள். ஹூயா மகளோடு வடக்கே தன் சனத்திடம் போய்விட்டாள். விடைபெற வந்த அன்று அந்தப் பிள்ளை என் பெயரைக் கேட்டது. சொன்னேன். கார் வரைக்கும் போய், மறந்து, ஓடிவந்தது.

“பேர் என்ன அன்ரி?”

மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் சொன்னேன். நாலாம் தரமும் வரும் என்று வாசலிலேயே நின்றேன். கார் போய்விட்டது.