சுவருக்கு அந்தப் பக்கத்துத் திருத்தம்

1. மாலை ஏழு மணிக்கு டச்சுச் சொற்களை அசை அசையாகப் பிரித்துச் சொல்வேன். அழுத்தம் விழும் அசையில் சுவரை ஒட்டிய மேஜையைத் தட்டுவேன்.
2. அடுத்த வீட்டிலிருந்து சுவரில் பதில் தட்டு வரும்.
3. தப்பு என்று எடுத்துக்கொண்டு, அழுத்தத்தை அடுத்த அசைக்கு நகர்த்துவேன்.
4. பதில் தட்டு நின்றதும், அதுதான் சரி என்று டிக் போடுவேன்.

இப்படியே ஒரு மாதம். டச்சுத் தேர்வில் தேறினால்தான், நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை நிரந்தரம். வேலை ஒப்பந்தம் என்ற சொல்லே இங்கே 'ஆர்-பெய்ட்ஸ்-ஓ-வர்-ஏன்-கொம்ஸ்ட்'. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை கொடுத்துப் பழகியவள் நான். இங்கே ஒன்றைத் தலைவராக்கி மற்றவற்றை முணுமுணுக்க வேண்டும். கூட்டுச் சொல்லில் பெரும்பாலும் முதல் சொல்லில்தான் அழுத்தம் என்றார் டச்சு வகுப்பு ஆசிரியை. உடனே, நகர மன்றமான 'ஸ்டாட்-ஹௌஸ்' மட்டும் கடைசியில் என்றார். அதன் பிறகு சுவரைக் கேட்காமல் நான் எந்தச் சொல்லையும் நம்பவில்லை.

ஆரணியில் எங்கள் தெரு வீடுகளுக்குப் பொதுச் சுவர். பள்ளிப் பாடத்தை உரக்கப் படிக்கையில் பிழை வந்தால், பக்கத்து வீட்டுக் கனகா அக்கா சுவரில் தட்டுவார். திருத்திப் படித்தால் நிறுத்துவார். அதனால் போனில் சொன்னபோது அம்மாவுக்கும் சந்தேகமே வரவில்லை.

"நம்ம கனகா மாதிரியே தட்டிகினு கீறாங்களா? நல்ல மனுஷிதான். வெறுங்கையோட போயி தேங்க்ஸ் சொல்லாத. ஏதாச்சும் ஸ்வீட் செஞ்சி குடு."

ரவா லட்டோடு போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவள் மிர்யம், என் வயதுக்காரி, பேக்கரியில் வேலை. கண்ணில் பாதித் தூக்கம்.

"தினமும் திருத்துவதற்கு நன்றி," என்றேன்.

"திருத்துவதா? நான் விடிவதற்கு முன்னால் ரொட்டி சுடப் போகிறவள். தூங்க விடு என்று தட்டினேன்."

"சில சொற்களுக்கு நிறுத்திவிடுவாயே?"

"கை வலிக்காதா?"

டிக் போட்டிருந்த வேலை ஒப்பந்தத்தை, நான்காவது அசையில் ஓங்கி அழுத்திச் சொல்லிக் காட்டினேன். லட்டு புரையேறும் வரை சிரித்துவிட்டு, "முதல் அசை," என்றாள். அடுத்த வாரமே தேர்வு. ஒரு மாதமாக ஏற்றியதை இறக்க அந்த ஒரு வாரம் போதவில்லை.

வாசிப்பிலும் கேட்டலிலும் தேறினேன். பேச்சில் இல்லை. நிறுவனம் ஆறு மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. ஆக, இன்றைய நிலை: நெதர்லாந்தில் எனக்குக் கேட்க வரும், படிக்க வரும், பேச மட்டும் வராது. ஆரணியில் நன்றாகப் பேச வரும். அங்கே எனக்கு வேலை இல்லை.