கிரேன்காரர் மனைவியின் இருநூறு கிலோமீட்டர்

ராஜாமணி சைக்கிள் ஓட்டுவது எங்கள் தெருவில் பெரிய செய்தி இல்லை. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்து மருந்துக்கடைக்குப் பல வருஷமாக அதில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். நாற்பத்து நான்கு வயதில், ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் தெரு திரும்பிப் பார்த்தது. கொழுப்பெடுத்துப் போச்சு என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்க வரும் அன்புச்செல்வன் என்பவர் நடத்துகிற சைக்கிள் பயணம் அது. திண்டிவனத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, விழுப்புரம், கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போய், வந்த வழியே திரும்பி, இரவு ஏழரைக்குள் வந்து சேர வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் முடித்தவர், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, அவரவர் பாட்டை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஆனால் தானே சரிசெய்ய வேண்டும். பசித்தால் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். வீட்டு ஆட்கள் பின்னாலேயே வந்து சோறு, தண்ணீர் கொடுப்பது மட்டும் ஆகாது.

அந்த நிபந்தனைதான் ராஜாமணிக்குப் பிடித்துப்போனது.

"குண்டுச்சட்டியில குதிர ஓட்டுற மாதிரி வூட்டுக்கும் கடைக்கும் ஓட்டிக்கினு கெடக்கிறேன்" என்றாள் என்னிடம். "காலேஜுக்குப் போனா அண்ணன் தொண. ஆஸ்பத்திரிக்குப் போனா இவரு தொண. ஒரே ஒரு நாளு நானா போயி நானா திரும்பி வரணும். அத முடிக்காம வுட மாட்டேன்."

'இவரு' என்றது அவள் வீட்டுக்காரர் வேங்கடேசனை. நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வண்டிகளையும் பழுதாகி நின்ற வண்டிகளையும் தூக்கும் கிரேன் ஓட்டுகிறார். விழுப்புரத்துக்கு அவரோடு ஒருமுறை பஸ்ஸில் போனேன். எந்த வளைவில் எந்த லாரி, எத்தனை பேர் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்குகிற வரை முன்சீட்டுக் கம்பியை நான் விடவில்லை. அப்படிப்பட்ட மனிதர் அதே சாலையில் பெண்டாட்டியைத் தனியாக அனுப்புவாரா? மண்டகப்பட்டுக்கும் கண்டாச்சிபுரத்துக்கும் அவள் பழகப் போன நாளெல்லாம் மொபெட்டில் பின்னாலேயே போனார். முன்னால் தண்ணீர்க் கேன், பக்கவாட்டில் காற்றடிக்கும் பம்பு, கைப்பிடியில் கேப்பைக் கூழ்த் தூக்கு. பார்க்கிறவர்கள் கூழ் வியாபாரி என்று நினைத்து நிறுத்தி விலை கேட்டார்களாம்.

முதல் முயற்சி அதனால்தான் கெட்டது. கிளம்பிய ஒரு மணி நேரத்தில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டயரில் காற்று இறங்கியது. தற்செயலாக வந்ததுபோல வேங்கடேசன் அங்கே நின்றிருந்தார். கண் மூடித் திறப்பதற்குள் ட்யூபை மாற்றி, கூழையும் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அவளும் குடித்தாள். தப்பு என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. கட்டிய புருஷன் என்ன வேற்று ஆளா? அதோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மனிதர் ஆசை ஆசையாகப் போட்டோ பிடித்து, 'என் துணைவியாரின் 200 கி.மீ. பயணத்தில், கூழுடன் நான்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அவசரத்துக்கு என்று ராஜாமணி கொடுத்திருந்த நம்பர் அவருடையதுதான். அன்புச்செல்வனும் அவரும் ஒருவர் நம்பரை ஒருவர் போனில் பதிந்து வைத்திருந்ததால், அந்த ஸ்டேட்டஸ் அன்புச்செல்வன் கண்ணில் பட்டுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

திருவண்ணாமலையில் அவள் போய் இறங்கியபோது அன்புச்செல்வன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க பேரு முடிச்சவங்கள்ல வராதுங்க, மேடம்." அவள் சண்டை போடவில்லை. மீதி நூறையும் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அப்புறம் பல நாள் வேங்கடேசனுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை. பாவம், அவர் என்னிடம் வந்து, "நல்லதுதானேம்மா பண்ணேன்?" என்று கேட்டார். "ரொம்ப நல்லது பண்ணீங்க, இனிமே பண்ணாதீங்க" என்றேன்.

அடுத்த பயணம் பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ராஜாமணி தயாரான விதமே வேறு. காலுக்குப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது, இப்போது கையையும் கணவரையும் பழக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பக்கம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, காற்றைத் தானே பிடுங்கிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுவாள். எதிரே வேங்கடேசன் உட்கார வேண்டும். வாயும் திறக்கக் கூடாது, கையும் நீட்டக் கூடாது. அவள் நகம் பிய்ந்து ரத்தம் வந்த அன்று அவர் பாதி எழுந்துவிட்டார்.

"ஒக்காருங்க."

"இல்ல, அந்த செயின..."

"ஒக்காருங்கன்னேன்."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவள் வேலையை மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டாள். சும்மா உட்காரக் கற்றுக்கொள்ள அவருக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது.

சாப்பாடும் அவள் கணக்குதான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலம், மாற்று ட்யூப், சின்னப் பம்பு. எல்லாம் சைக்கிளில் கட்டிய ஒரு பைக்குள் அடங்கின. கண்டாச்சிபுரத்துக்குத் தனியாகப் போய் வந்த நாட்களில் மொபெட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். வேங்கடேசன் எங்கள் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார். எனக்கே பாவமாக இருக்கும், ஆனால் சாவியைக் கொடுத்ததில்லை.

பயணத்தன்றும் சாவி என்னிடம்தான். மத்தியானம் வரை மனிதர் வீட்டிலேயே இருந்தார். அதற்குமேல் போன் வந்தது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மினி லாரி அச்சு முறிந்து நிற்கிறது, திண்டிவனத்துக்கு இழுத்து வர வேண்டுமாம். கிரேன் சாவியை நான் எப்படி வாங்கி வைக்க முடியும்? "தொழிலுக்குத்தாம்மா போறேன், சத்தியமா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பவில்லை.

அங்கே ராஜாமணி விழுப்புரத்தைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்று அவள் நேரத்தில் பாதியைத் தின்றிருந்தது. விக்கிரவாண்டியைக் கடந்து கூட்டேரிப்பட்டு வருவதற்குள், பொழுது சாயும் நேரத்தில், பின் டயரில் கம்பித் துண்டு ஏறிவிட்டது. ஓரமாக ஒதுங்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். கம்பியைப் பிடுங்கி, பாதி ட்யூபை உள்ளே தள்ளியிருப்பாள், பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. பதினெட்டு வருஷமாகக் கேட்கிற சத்தம், தலை நிமிராமலே தெரிந்துவிட்டது.

"கை பாட்டுக்கு ட்யூபத் தள்ளிக்கினே இருந்தேன்" என்று அப்புறம் சொன்னாள். "வண்டி ஸ்லோ ஆவுது. நிறுத்தி எறங்கிட்டாருன்னா இந்தத் தடவையும் போச்சி. நான் தலையத் தூக்கவே இல்ல."

கிரேன் மெதுவாகி, அவளை ஒட்டி வந்து, நிற்காமல் போய்விட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. மறு நிமிஷமே கோபமும் வந்ததாம், அப்படியே போய்விட்டாரே என்று. பொம்பளை மனசை என்னவென்று சொல்வது? டயரை மாட்டி, காற்றடித்து, அந்தக் கோபத்தையே மிதித்துக்கொண்டு வந்து, ஏழரைக்குச் சில நிமிஷங்கள் முன்னால் திண்டிவனத்தில் இறங்கினாள். முடித்தவர்களில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் நான் வெந்நீர் போட்டு வைத்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வேங்கடேசனும் வந்தார். ராஜாமணி நேராகக் கேட்டாள்.

"என்னியப் பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பக்கத்துல லாரிக்காரரு ஒக்காந்திருந்தாரு, முத்துசாமின்னு. 'பொம்பள ஒண்ணு தனியா சக்கரத்தக் கழட்டிக்கினு கீது, நிறுத்துப்பா'ன்னாரு. 'நிறுத்தக் கூடாதுங்க, அது பாத்துக்கும்'ன்னேன். அவ்ளோதான், என்னியப் புடிச்சிக்கினாரு. 'உனுக்கு மனசாட்சியே இல்லியா, உன் வூட்டுப் பொம்பளயா இருந்தா இப்டி வுட்டுட்டுப் போவியா'ன்னு திண்டிவனம் வர்ற வரைக்கும் ஏசிக்கினே வந்தாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"போவ மாட்டேன்னேன்."

இருநூறு கிலோமீட்டரிலும் அழாதவள், அதைக் கேட்டு அழுதுவிட்டாள். வேங்கடேசன் அவள் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"தொடைங்க, இதுல தப்பில்ல" என்றேன்.