மேல்தெருவில் ஏழாவது வீடு

கோக்-ஜார் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு. அதன் இருபுறமும் இரண்டு இரும்பு முளைகள். 1994 செப்டம்பரில் அவற்றை அடித்தபோது இடைவெளி இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர். அன்று முதல் திங்களும் வியாழனும் காலைத் தேநீர் முடிந்ததும் ஊர் மன்ற எழுத்தர் காலிபா மேலே ஏறி அளந்து வந்தாள். பிரசவத்துக்காக இரண்டு முறை, அம்மா இறந்தபோது ஒரு முறை, மற்றபடி தவறியதில்லை.

வெடிப்புக்கு நேர் கீழே மேல்தெரு. பதினோரு வீடுகள். ஏழாவது, காலிபா பிறந்த வீடு. கடைசி மகன் என்ற முறையில் அது தம்பி மாமத்ஜுனுஸுக்கு வந்திருந்தது. கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை பெற்றோர் வீட்டுப் புகைபோக்கியில் புகை நிற்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

2013-இல் மாவட்ட நிர்வாகம் மேல்தெருக்காரர்களுக்குச் சமவெளியில் மனை கொடுத்தது. கூரைத் தகடும் பலகையும் இலவசம். ஒரே நிபந்தனை: பழைய வீட்டை இடித்தாயிற்று என்று ஊர் மன்றம் எழுதித் தரவேண்டும். நான்கு பேர் உண்மையிலேயே இடித்தார்கள். மற்ற ஏழு பேரும் மாட்டுக் கொட்டகைச் சுவரைத் தள்ளிப் படம் எடுத்தார்கள். புது மனையில் மூத்த மகனைக் குடிவைத்துவிட்டு அவர்கள் மேலேயே இருந்தார்கள்.

தம்பி கையெழுத்துக் கேட்டபோது காலிபா மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

“மூத்தவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்க்கா. எங்க குடிவைப்பேன், உன் பதிவேட்டுக்குள்ளயா?” என்றான்.

நான்காம் நாள், ஏழு பேருக்கும் சேர்த்துப் போட்டாள். மாவட்டப் பட்டியலில் மேல்தெருவின் பதினோரு வரிசைக்கும் எதிரே ‘குடியிருப்போர் இல்லை’ என்று ஏறியது.

ஐந்து ஆண்டு கழித்து மாவட்ட மேம்பாட்டுத் திட்டத்தில் புதுக் குடியிருப்புக்குச் சாலை வந்தது. சாலைக்கு மண் வேண்டும். ஆளில்லாத மேல்தெருவின் அடிவாரம் வசதியான இடம் என்று பட்டியலைப் பார்த்து முடிவு செய்தார்கள். 2018 ஏப்ரல் 3, செவ்வாய்க்கிழமை, மண் வெட்டும் எந்திரம் மலையின் காலடியில் வாய் வைத்தது.

அதற்கு முந்தின நாள் அளவு 2.96. வியாழன் 2.99. அடுத்த திங்கள் 3.08. வியாழன் 3.21. இருபத்து நான்கு ஆண்டில் மலை அப்படி நடந்ததில்லை.

ஊர் மன்றத் தலைவர் ஷார்ஷெனிடம் பதிவேட்டை விரித்துக் காட்டினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மேல யாருமில்லன்னு நீங்கதானக்கா எழுதிக் குடுத்தீங்க. இருக்காங்கன்னு இப்ப நான் போய்ச் சொன்னா ஏழு மனையும் போகும், உங்க நாற்காலியும் போகும். சாலை முடியட்டும்.”

தம்பியிடம் போனாள். அவன் கிடாய்க்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவனுக்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு, சனிக்கிழமையோடு நாற்பது நாள். நாற்பது கரண்டி நீர் ஊற்றும் சடங்கை மூதாதையர் அடுப்புள்ள வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று மேல்தெரு முழுவதையும் அழைத்திருந்தான்.

“சின்ன வயசுல இந்த மலை மேல எத்தனை தடவ உருண்டிருக்கேன். பதிலுக்கு அது ஒரு தடவ உருண்டா என்னக்கா?” என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலிபா பஸ் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். 2013-இல் தான் போட்ட கையெழுத்து பொய், ஏழு வீடுகள் நிற்கின்றன, மண் வெட்டுவதை நிறுத்தி ஆட்களை இறக்குங்கள் என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி 318 என்று எண் போட்டு முத்திரை குத்தினார்.

“பதினாலு நாள்ல பதில் வரும்மா.”

“நாளைக்கே வேணும்.”

“நாளைக்கு சனிக்கிழமை,” என்றார் அவர்.

சனிக்கிழமை அளக்கும் நாள் அல்ல. ஆனாலும் ஏறினாள். கீழ்ப்பக்க முளையைக் காணோம். டேப்பைப் பிரிக்காமலே திரும்பினாள்.

தம்பி வீட்டில் அறுபத்திரண்டு பேர் கூடியிருந்தார்கள். மலையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஒரு வாரமாகச் சொல்லி ஆயிற்று. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். செம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

“முதல் கரண்டி ஊத்துறவ நான். கீழ, இவன் அப்பன் வீட்டுலதான் ஊத்துவேன்.”

குடும்பத்தில் மூத்தவளின் உரிமை அது. யாரும் தடுக்க முடியாது. மலை ஏறி ஏறிக் கிழவிக்கு மூளை இறங்கிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிள்ளை இல்லாமல் சடங்கு ஏது? பெண்கள் பின்னால் நடந்தார்கள். ஆண்களும் எழுந்தார்கள்.

“நீயும் வா,” என்றாள் தம்பியிடம்.

“கறி கொதிக்குதுக்கா. அடுப்ப அப்படியே விட்டுட்டா வரமுடியும்? இறக்கிட்டு வரேன்.”

சமவெளியில் இருபத்தேழாவது கரண்டியின்போது பாத்திரத்து நீர் நடுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். மேல்தெரு இருந்த இடத்தில் மஞ்சள் தூசி எழுந்து ஒரு மணி நேரம் நின்றது. அது அடங்கியபோது மேலே எங்கும் புகை இல்லை. காலிபா பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு ஆட்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அறுபத்தொன்று.

ஏப்ரல் 27 அன்று, சொன்னபடி பதினான்காம் நாள், எண் 318-க்குப் பதில் வந்தது. பதிவேட்டின்படி மேல்தெருவில் குடியிருப்போர் எவரும் இல்லை. ஆகவே உயிர்ச்சேதம் இல்லை.

காலிபா அதைக் கோப்பில் சேர்த்தாள். பிறகு 2013-ஆம் ஆண்டுப் பட்டியலின் ஊர் மன்றப் பிரதியை எடுத்து, ஏழாவது வரிசையில் ‘இல்லை’ என்பதை அடித்து, மாமத்ஜுனுஸ், பிறப்பு 1967 என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டாள்.