மண்டோரின் ஊமை ரேடியோ

ரெங்கசாமி பிறந்தது 1957இல். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் நான்கு மாதம் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். யார் எந்தத் தேதியில் எந்த மரத்துக் குலையை வெட்டாமல் விட்டார்கள் என்பது இன்றும் அவருக்கு மனப்பாடம். அவர் செய்த தவறு மட்டும் எந்தத் தேதியிலும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் அதிகாரம் செல்லுபடியான ஒரே இடம் 2006ஆம் ஆண்டில் வாங்கிய கார். ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்கு வேலம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் அதில் காய்கறிச் சந்தையான பசாருக்குப் போவார்கள். நால்வரும் முன்பு அவரிடம் வேலை செய்தவர்கள். யார் எங்கே உட்காருவது, கண்ணாடியை எத்தனை விரற்கடை இறக்குவது, எல்லாம் அவர் உத்தரவுதான். ரேடியோவில் பாட்டோடு நேயர் வாழ்த்து நிகழ்ச்சி ஓடியதால் அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஜூன் எட்டாம் தேதி, பாதி வழியில் ரேடியோ ஊமையானது.

"ரேடியோ இல்லன்னா உங்க பேச்சயில்ல கேக்கணும், மண்டோரே," என்றாள் வேலம்மா. "அடுத்த வாரமும் இப்படின்னா தேவதாஸ் வேன்ல போயிடுவோம் லா. அவன் வாயத் தொறக்க மாட்டான்."

சொன்னபடியே பதினைந்தாம் தேதி போய்விட்டார்கள். ரெங்கசாமி நான்கு காலி இருக்கைகளுடன் பசாருக்குப் போய், கீரை வாங்கித் திரும்பினார்.

மறுநாள் விசாரணை தொடங்கியது. ஹார்ன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது. வீட்டில் விளக்கு எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே குற்றவாளி ரேடியோதான். அதைக் கழற்றினார். பழைய கார்ச் சாமான் கடையில் பெரிய திரை வைத்த ரேடியோ ஒன்றை வாங்கினார். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, நிறத்துக்கு நிறம் இணைத்தார். சுற்றிலும் இருந்த இடைவெளியில் நாளிதழை மடித்துச் செருகினார். அதுவும் பாடவில்லை.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் டக்ளஸ் கடைக்குப் போனார். கார் ரேடியோ மாட்டுவதில் டக்ளசுக்கு இருபது வருடப் பழக்கம். அவர் சோதனை பல்பை மஞ்சள் வயரில் வைத்தார், எரிந்தது. சிவப்பில் வைத்தார், எரியவில்லை.

"ஃபியூஸ் பாத்தீங்களா அங்கிள்?"

"ஹார்ன் அடிக்குதே!"

"ஹார்னுக்கு வேற ஃபியூஸ் அங்கிள். ரேடியோவும் சிகரெட் லைட்டரும்தான் ஒண்ணா இருக்கு."

ஸ்டீரிங் அடியிலிருந்து டக்ளஸ் உருவிய ஃபியூசில் நடுக்கம்பி அறுந்திருந்தது. பிறகு லைட்டர் குழிக்குள் டார்ச் அடித்து, இடுக்கியால் ஒரு பத்துக் காசை எடுத்தார். புது ஃபியூஸ் போட்டதும் திரை ரேடியோ பாடியது. பழையதை மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் பாடியது.

ஏறியதும் டேஷ்போர்டு முருகன் காலடியில் காசு வைத்துக் கும்பிடுவது வேலம்மா ஒருத்தியின் வழக்கம். அதுதான் உருண்டு லைட்டர் குழிக்குள் விழுந்து ஃபியூசை அறுத்திருக்கிறது. ஆள், தேதி, தடயம் மூன்றும் ரெங்கசாமியின் கையில்.

மறுநாள் காலை கோயில் முக்கில் வேனுக்காக நின்ற பெண்களின் முன் காரை நிறுத்தினார். ரேடியோ கணீரென்று பாடியது.

"அட, பாடுது! என்ன கோளாறாம்?" வேலம்மா குனிந்து கேட்டாள்.

காசு அவர் சட்டைப்பையில் இருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது தேவதாஸின் வேன் முக்கில் திரும்பியது.

"என் தப்புதான்," என்றார் ரெங்கசாமி.

நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேலம்மா சன்னல் வழியே கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சலா மண்டோரே?" என்றவள் கதவைத் திறந்தாள். "ஏறுங்கடி. இந்த நெலமையில இவர தனியா விடக்கூடாது."