ரெக்ஸ் நிறுத்திய வரிசை

“வருஷத்துல ரெண்டு மாசம் ராணுவப் பயிற்சிக்குப் போற உனக்குச் சம்பளம், உம் பொண்ணுக்குக் காலேஜ் பீஸ். செலவு ஏறிக்கிட்டே போவுது. கம்பெனிக்கு என்னப்பா லாபம்?”

மேனேஜர் கோவிந்தன் ரெக்ஸிடம் கேட்டார். ஓசூர்த் தொழிற்சாலையில் வெல்டரான ரெக்ஸ், பிராந்திய ராணுவத்தில் பகுதிநேரச் சிப்பாய். கம்பெனி தரும் இந்தச் சலுகை நின்றால் மகள் லிபியாவின் படிப்பு நின்றுவிடும்.

மறுவாரம் பெயின்ட் கூடத்தில் தீப்பிடித்தது. ரெக்ஸ் முகாமில் பழகியபடி எல்லோரையும் வெளியே வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று அவரவர் மொழியில் எண்ணினார்கள். ஷிப்டில் உள்ளே இருந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர். எண்ணிக்கை முப்பத்தொன்பதில் நின்றது. உடனே உள்ளே ஓடி, புகையில் வழி தெரியாமல் நின்ற கோவிந்தனை இழுத்து வந்தார்.

“நாப்பதாவது ஆளு நீங்கதான் சார். வரிசையில நில்லுங்க.”

இருமிக்கொண்டே கோவிந்தன் போய் நின்றார். வரிசையே சிரித்தது. சலுகையைத் தொடர்வதற்கான தாளில் அன்றே கையெழுத்துப் போட்டார் கோவிந்தன்.

உங்கள் கம்பெனியிலும் இப்படிச் சிப்பாய்கள் இருந்தால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.