லேடாங் மலை ஓணானும் என் ஈர்க்குச் சுருக்கும்

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை படுத்து, மலாயாவின் ஜொகூர் தோட்டங்களில் ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம். லேடாங் மலை அடிவாரத்துத் தோட்டம் ஒன்றின் வாசலில் நான் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தினமும் என் கடையில்தான் பசியாறுவார். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. ஆனால் மனுசனின் உயிரெல்லாம் மலைமேல் இருந்த ஓர் ஓணான்மேல்தான்.

சிரிக்காதீர்கள். நான் சிரித்தது போதும். "ஊருல இல்லாத ஓணானா ஐயா?" என்று கேட்டேன்.

"இது வேற இனம் பாய். மலைய விட்டுக் கீழ எறங்கி வராது. நாமதான் போகணும், வாங்க லா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். மரமெல்லாம் பாசி படிந்து, பட்டப்பகலில் மூடுபனி நிற்கிற இடம். அங்கே இருந்தது அது. கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி ஒரு முள், பிடரியில் வரிசையாக முள், உடம்பு பாசி நிறம். கிட்டே போனால் ஓடாது. தண்டைச் சுற்றி மெதுவாக மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். மழை விட்டதும் தரைக்கு வந்து மண்புழு தின்னும். இதையெல்லாம் நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதியிருந்தார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அது எங்கே, எப்படி முட்டை இடுகிறது? சிங்கப்பூரிலிருந்து வந்த, பிராணிகளை ஆராய்கிற துரை ஒருவரும் கையை விரித்துவிட்டாராம். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று டிரெஸ்ஸருக்கு அப்படி ஓர் ஆசை.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் உண்டு. ஊரில் சின்ன வயதில் நான் ஓணான் பிடிப்பதில் சூரன். தென்னை ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டு, தலையில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் தீர்ந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்கு மூத்திரத்தைக் கொடுத்த பிராணி என்று ஒரு கதையும் சொல்லிக்கொண்டு அதை என்ன பாடெல்லாம் படுத்துவோம்! அதே சுருக்கால் டிரெஸ்ஸருக்கு ஒன்றிரண்டு பிடித்துக் கொடுத்தேன். அவர் அளந்து, படம் வரைந்து, பிடித்த மரத்திலேயே விட்டுவிடுவார்.

ஆள்குறைப்பில் அவர் பெயரும் வந்தது. புதன்கிழமை இந்தியாவுக்குக் கப்பல். அதற்கு முந்தின ஞாயிறு, வயிறு புடைத்த பெட்டை ஒன்று எங்கள் கண்ணெதிரே மரத்திலிருந்து இறங்கி, வேர்களுக்கு நடுவே முன்னங்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. டிரெஸ்ஸர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பிள்ளைக்கு ஜன்னி கண்டு இழுக்கிறதாம்.

டிரெஸ்ஸர் ஒரு தரம் ஓணானைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டார்.

"பாய், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பாத்துக்கிட்டே இருங்க. எப்படிப் போடுது, எப்படி மூடுதுன்னு வந்ததும் எனக்குச் சொன்னாப் போதும்."

சும்மா இரு என்றால் இந்தக் கை இருக்குமா? பாதி உடம்பு குழிக்குள் போனதும் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஓடிவிடுமோ என்று பதறினேன். பிடித்து மண் போட்ட பெட்டியில் வைத்தால் மனுசன் ஆற அமரப் பார்க்கலாமே, கப்பலுக்கும் கொண்டு போகலாமே, என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாரே! சுருக்கை நீட்டி வெடுக்கென்று இழுத்தேன். அது வேரைப் பற்றிக்கொண்டு எதிர்த்து இழுத்தது. நானும் விடவில்லை. கழுத்து இறுகித் துவண்டு போயிற்று. பாவி நான்.

மத்தியானத்துக்கு மேல் அவர் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். "பிள்ள பொழச்சிருச்சு பாய். இங்க என்னாச்சு?"

செத்துக் கிடந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் திட்டவில்லை. கத்தியால் வயிற்றைக் கீறி, வெள்ளை வெளேரென்றிருந்த முட்டைகளை எடுத்து, அது பறித்த குழியிலேயே வைத்து மூடினார். "பொரிக்காது" என்று மட்டும் சொன்னார். புதன்கிழமை வழியனுப்பப் போனபோது, எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

அப்புறம் இரண்டு வருடம், மழை விட்ட ஞாயிறுகளில் மலை ஏறினேன். ஈர்க்கு எடுத்துப் போகவில்லை. ஒருநாள் இன்னொரு பெட்டை இறங்கியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குழி பறித்தது, முட்டையிட்டது, மண்ணைத் தள்ளியது, மூக்கால் தட்டித் தட்டி இறுக்கியது, மேலே சருகை இழுத்துப் போட்டது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மரம் ஏறிவிட்டது.

அன்று மலையிலிருந்து அழுதுகொண்டே இறங்கினேன். வந்ததும் சொன்னால் போதும் என்றார். இன்று எனக்கு எல்லாம் தெரியும், சொல்வதற்கு அவர்தான் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.